நெல்லிக்கொல்லியில் உண்ணி இல்லை

மார்ச் 2, திங்கள்

செத்த குரங்கு இரண்டு, அதைப் பார்க்க வந்த ஜீப் ஐந்து. உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் குரங்குகளை இத்தனை அதிகாரிகள் மதித்திருக்க மாட்டார்கள். நெல்லிக்கொல்லி எஸ்டேட்டுக்குப் பின்னால், ஓடைக்குப் போகிற காட்டுப் பாதையில் கிடந்தன. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தார்கள். மூக்கைப் பொத்தாமல் சாம்பிள் எடுத்தது நான்தான். அதற்குத்தானே பதினெட்டு வருடமாக ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள்.

உண்ணி கடித்துப் பரவுகிற குரங்குக் காய்ச்சல் என்றால் வனத்துறை பாதையை அடைத்துவிடும். அடைத்தும் விட்டார்கள். எஸ்டேட் ஜனங்கள் புலம்புகிறார்கள். வருகிற 17-ஆம் தேதி மாரியம்மன் திருவிழா. குடத்தில் நீர் நிரப்பி அம்மனை அழைத்துக் கரகம் பாலிப்பது அந்த ஓடையில்தான், வேறெங்கும் வழக்கமில்லை. நூறு நூற்றைம்பது பேர் வெறுங்காலோடு, கைக்குழந்தையோடு போவார்கள்.

பாதையில் உண்ணி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் ஆய்வு நிலையம் மூன்று நாள் எண்ணிச் சொல்ல வேண்டுமாம். எங்கள் நிலையம் என்றால் அதிகாரி டாக்டர் ஞானவரதன், ஒரு மைக்ராஸ்கோப், பழுதான ஃபிரிட்ஜ், நான்.

பையைத் திறந்தால் இன்னொரு மங்களம். உண்ணி ஏறாமல் இருக்கக் கை காலில் பூசுகிற விரட்டி எண்ணெய் பாட்டிலின் மூடி கழன்று, உண்ணி பிடிக்கிற இழுவைத் துணி முழுக்கக் கொட்டியிருக்கிறது. புதுத் துணி வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து, இரண்டு மாதம். துவைத்தால் போகாத எண்ணெய் உலகத்தில் உண்டா என்ன?

மார்ச் 3, செவ்வாய்

பார் சோப்பு போட்டு, வெந்நீரில் இரண்டு தடவை துவைத்து, காய வைத்து, இஸ்திரியும் போட்டாயிற்று. லேசாக எலுமிச்சைப் புல் வாசனை. நல்லதுதான், போன வருடம் முழுக்க இந்தத் துணியில் செத்த எலி வாசனை.

மார்ச் 5, வியாழன்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், காட்டுக்குத் தரை துடைக்கிறேன் என்பேன். பொய் இல்லை. வெள்ளைத் துணியின் ஒரு முனையை நானும் மறுமுனையை சிவனுவும் பிடித்துப் புல்லின் மேல் இழுத்துக்கொண்டே போவோம். ஆடோ மாடோ போகிறது என்று நினைத்து உண்ணி துணியில் தொற்றிக்கொள்ளும். பத்து மீட்டருக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு, இடுக்கியால் பொறுக்கி, குப்பியில் போட்டு எண்ண வேண்டும். குஞ்சு உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். என் கண்ணாடியின் பவர் கூடியதற்கு அதுதான் காரணம்.

சிவனு எஸ்டேட்டில் பாதை வெட்டுகிற ஆள். ஒன்பது வருடமாக இந்த மறுமுனை அவனுடையது. எனக்கும் அவனுக்கும் எட்டு வயது வித்தியாசம். என்னை அக்கா என்பான். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் பல் தெரியச் சிரிப்பான், அதனாலேயே அவனோடு வேலை செய்வது சுகம்.

மூன்று மணி நேரம் இழுத்தோம். ஒன்றுகூட இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இன்றும் பூஜ்ஜியம்.

"அக்கா, ஏ வீட்டு மாட்டுக் காதுல அப்பிக் கெடக்கு. காட்டுல மட்டும் ஒண்ணுகூட இல்லங்கிறது எப்புடி?" என்றான் சிவனு.

"எல்லாம் ஒன் மாட்டுக் காதுக்குக் குடிபோயிருச்சு போல. தண்ணி வசதி நல்லாருக்குல்ல."

சிரித்தான். ஆனால் துணியைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வந்தான். மார்ச் மாதத்தில், காய்ந்த சருகில், ஒன்றுகூட இல்லாமல் நானும் பார்த்ததில்லை. பதினெட்டு வருடத்தில் பார்க்காத எத்தனையோ இருக்கும். அதையெல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

மார்ச் 7, சனி

பூஜ்ஜியம். மூன்று நாளும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். அப்போதும் பூஜ்ஜியம்தான்.

குரங்கு சாம்பிள் பற்றியும் பதில் வந்துவிட்டது. 'மாதிரி கெட்டுவிட்டதால் முடிவு கூற இயலாது.' ஐஸ் வழியில் உருகிவிட்டதாம். ஆக, ஊரே நம்பிக்கொண்டிருப்பது என் பூஜ்ஜியத்தை மட்டும்தான்.

மார்ச் 9, திங்கள்

கூட்டம். 'உண்ணி விழிப்புணர்வு' என்று பெரிய பேனர். அதில் அச்சடித்திருந்த படம் ஒரு வண்டு. நான் சொன்னேன், "சார், இது உண்ணி இல்ல." டாக்டர் ஞானவரதன், "பொதுமக்களுக்கு இது போதும் புஷ்பகாந்தி" என்றார்.

பிறகு முப்பத்திரண்டு ஸ்லைடு. இருபத்தொன்பதில் அவர் படம்தான். போன மாதம் ரோட்டோரமாக இருபது மீட்டருக்கு மருந்து அடித்தாரே, அதனால்தான் காட்டுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு உண்ணியே இல்லாமல் போயிற்றாம். அந்த உண்ணிகளுக்குச் செய்தி போன வேகத்தை நினைத்து மலைத்துப் போனேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முந்திரி பிஸ்கட் நன்றாக இருந்தது.

முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார். "ஒங்க ஒப்பந்த நீட்டிப்பு ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. முப்பத்தொண்ணுக்குள்ள போட்டு விட்ருவோம். நல்ல ரிசல்ட் குடுத்திருக்கீங்க."

பூஜ்ஜியம் எடுத்து இப்படி ஒரு பாராட்டு பள்ளிக்கூடத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பாதை திறந்தாயிற்று. எஸ்டேட் லயத்து வீடுகளில் இருக்கிற பெண்கள் எனக்கு மல்லிகைச் சரம் கொடுத்தனுப்பினார்கள். சிவனு மஞ்சள் வேட்டியோடு, மணிக்கட்டில் காப்புக் கயிறோடு வந்தான்.

"வியாழக்கெழம பாத வெட்டப் போறேன் அக்கா. காப்பு கட்டியாச்சு, இனிமே எண்ண தொடக்கூடாது. அந்த வெரட்டி எண்ணயப் பூசாமப் போனா பரவாயில்லியா? நீங்க பூசணும்னு சொன்னா, ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் பூசிக்கிறேன்."

"இல்லாத பூச்சிக்கு எதுக்குப்பா எண்ணெ? தைரியமாப் போ."

"நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டான்.

மார்ச் 12, வியாழன்

காலையிலிருந்து வெட்டுச் சத்தம். சட்டை இல்லை, செருப்பு இல்லை, விரதமாம். மேட்டிலிருந்து கை காட்டினான். நானும் காட்டினேன்.

மார்ச் 13, வெள்ளி

சிவனு கத்தியைத் தீட்ட எங்கள் நிலையத்துக்கு வந்தான். இங்கேதான் நல்ல சாணைக்கல் இருக்கிறது, அரசாங்கம் எதற்கு வாங்கிப் போட்டதோ தெரியவில்லை. தீட்டிக்கொண்டே இடுப்பைச் சொறிந்தான். திரும்பி நில் என்றேன். வேட்டி மடிப்பின் ஓரத்தில் ஐந்து, முழங்கால் மடிப்பில் மூன்று, அக்குளில் ஒன்று. இடுக்கியால் ஒன்பதையும் எடுத்தேன்.

"எங்கருந்துக்கா வந்துச்சு?"

"ஒன் மாட்டுலருந்து வந்திருக்கும்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். மாட்டு உண்ணிக்கும் காட்டு உண்ணிக்கும் வித்தியாசம் எனக்கு மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரியும். இருந்தாலும் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மூன்று தடவை வைத்தேன்.

துணியில் குறை இருக்க வாய்ப்பில்லை. இரண்டு தடவை துவைத்தது. வெந்நீரில் துவைத்தது.

மார்ச் 14, சனி

வெள்ளைப் பாவாடை ஒன்றின் நாடாவை உருவி, ஓரத்தைப் பிரித்து, ஒரு கம்பில் கட்டிக்கொண்டு ஒன்பது மணிக்குத் தனியாகப் போனேன். இந்த வயதில் காட்டுக்குள் பாவாடையை இழுத்துக்கொண்டு நடந்ததைக் கொழுந்து பறிக்கிற பெண்கள் பார்த்தார்கள். இந்நேரம் லயம் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

கால் மணி நேரத்தில் நாற்பத்தொன்று.

அதே இடத்தில் ஆபீஸ் துணியை இழுத்தேன். ஒன்றும் இல்லை. பிடித்த உண்ணி ஒன்றை அந்தத் துணியின் ஓரத்தில் விட்டேன். விளிம்பைத் தொட்டதும் திரும்பி, வந்த வழியே ஓடியது. இன்னும் பத்தை விட்டுப் பார்த்தேன். பத்தும் ஓடின. மூன்று நாளாக நானும் சிவனுவும் உண்ணியைப் பிடிக்கவில்லை, விரட்டிக்கொண்டு போயிருக்கிறோம். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். துணியில் எண்ணெய் கொட்டியது எனக்குத் தெரியும். வாசனையும் தெரியும். முதல் பூஜ்ஜியத்தன்றே எனக்குள் ஏதோ உறுத்தியது, மல்லிகைச் சரமும் கைதட்டலும் வந்ததும் அது அடங்கிவிட்டது.

டாக்டர் வீட்டுக்கே போனேன். தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் கொட்டியது முதல் எல்லாம் சொன்னேன்.

"எதை வச்சு இழுத்தீங்க?"

"பாவாடை சார்."

"பாவாடையா? நெறிமுறையில பாவாடை எங்கம்மா இருக்கு?"

"நெறிமுறையில இல்ல சார். உண்ணி இருக்கு."

குழாயை மூடினார். "அறிக்கை மேல போயாச்சு. இப்ப தப்புன்னு சொன்னா என் பேரும் கெடும், ஒங்க வேலையும் போயிரும். செவ்வாய்க்கெழம திருவிழா முடியட்டும். அப்புறம் ஒரு சர்வே போட்டு, 'புதிதாகத் தோன்றியுள்ளது'ன்னு எழுதிக்கலாம்."

"நூறு பேர் போவாங்க சார்."

"போன வருஷமும்தான் போனாங்க. துணி ஒங்க பொறுப்பு புஷ்பகாந்தி. அதையும் யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். வீடு வரும்வரை யோசித்தேன். சோறு வடிக்கும்போதும் யோசித்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மாதம் பிறந்தால் வேலை இருக்கும்.

மார்ச் 15, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் ரெங்கையா, பெண்கள், ஆண்கள் என்று ஐம்பது பேர் இருப்பார்கள். சிவனுவின் மனைவி காத்தாயி மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

பாதையில் உண்ணி இருக்கிறது, நிறைய இருக்கிறது, யாரும் போகக்கூடாது என்றேன்.

தலைவர் முகம் சிவந்தது. "போன வாரம் இல்லன்னீங்க. இந்த வாரம் இருக்குங்கிறீங்க. நாங்க என்ன, ஒங்க வெளையாட்டுச் சாமானா? ஆத்தா எங்க போயி கரகம் பாலிப்பா? ஒங்க ஆபீஸ் கொழாயிலயா?"

"தப்பு எங்களோடது" என்றேன்.

"எங்களோடதுன்னா யாரு?" காத்தாயி மாவிலையைக் கீழே வைத்தாள்.

"என்னோடது. துணியில எண்ணெ கொட்டிருச்சு. அதோடயே இழுத்துட்டேன்."

பந்தக்கால் பிடித்திருந்த இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். காத்தாயிதான் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு போயிட்டு வந்துட்டாகளே அக்கா. ஒங்ககிட்ட கேட்டுட்டுத்தான போனாக. அவுகளுக்கு?"

ஒன்பது உண்ணி எடுத்ததை அப்போதுதான் சொன்னேன். எல்லா உண்ணியிலும் நோய் இருக்காது, பத்து பன்னிரண்டு நாள் பார்க்க வேண்டும், தலைவலி வந்தால் உடனே சொல்லுங்கள் என்றேன். அவள் மாவிலையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 17, செவ்வாய்

தேயிலை ஃபேக்டரித் தண்ணீர்த் தொட்டியில் கரகம் பாலித்தார்கள். தலைவர் என்னைத் திட்டிக்கொண்டேதான் தொட்டியைக் கழுவினார். ஆனாலும் ஒருத்தரையும் காட்டுப் பக்கம் விடவில்லை, பாதை முனையில் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் நிலையத்தின் முப்பத்திரண்டு ஸ்லைடும் செய்யாததை அந்த ஒரு நாற்காலி செய்தது.

சிவனு கரகத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனான். ஆட்டத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. தெரிகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மார்ச் 18, புதன்

சிவனுவுக்குக் காய்ச்சல். நெற்றியைப் பிளக்கிறது என்கிறானாம்.

மார்ச் 19, வியாழன்

தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ரத்தம் நானே எடுத்தேன். ஐஸ் பெட்டியை இந்தத் தடவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், வழியில் இரண்டு டீக்கடையில் ஐஸ் வாங்கிப் போட்டேன். இதற்கென்று மருந்து எதுவும் கிடையாது. குளுக்கோஸ் ஏற்றலாம், ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்களை எண்ணிக்கொண்டே இருக்கலாம். எண்ணுவது என் தொழில், ஆகவே அந்தக் கணக்குச் சீட்டை நாளுக்கு இரண்டு தடவை வாங்கிப் பார்க்கிறேன்.

டாக்டர் ஞானவரதனிடம் சொன்னேன். "சாதாரண வைரல் ஃபீவரா இருக்கும், பாசிட்டிவா யோசிங்க" என்றார்.

மார்ச் 23, திங்கள்

அவர் ஆசைப்பட்டபடியே பாசிட்டிவ். குரங்குக் காய்ச்சல்தான்.

இன்று ஈறில் ரத்தம். காத்தாயி துடைத்துத் துடைத்து ஒரு துண்டு முழுக்கச் சிவப்பு. நான் உள்ளே போனால் அவள் வெளியே போகிறாள். தட்டணு நேற்றைவிடக் குறைவு.

கிண்டலாக ஏதாவது எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். ஒன்றும் வரவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் குறைவு. என்னை அடையாளம் தெரியவில்லை அவனுக்கு. தங்கச்சி என்று கூப்பிட்டான்.

மார்ச் 25, புதன்

கடவுளே.

மார்ச் 27, வெள்ளி

தட்டணு ஏறியிருக்கிறது. நர்ஸ் சீட்டைக் கொடுக்கும் முன்பே முகத்தில் தெரிந்தது. நான் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஒரு வாட்ச்மேன் வந்து, "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல, புருசனுக்கா?" என்றார். தலையை ஆட்டிவைத்தேன். எல்லாவற்றையும் விளக்க முடியுமா?

மார்ச் 28, சனி

கஞ்சி குடித்தானாம். இன்னொரு சுற்றுக் காய்ச்சல் வரலாம், ஆனால் கண்டம் தாண்டிவிட்டது என்று டியூட்டி டாக்டர் சொன்னார்.

மார்ச் 30, திங்கள்

டாக்டர் ஞானவரதன் காலையில் ஒரு தாளை நீட்டினார். நோயாளி விவரப் படிவம். 'தொற்று ஏற்பட்ட விதம்' என்ற இடத்தில் அவரே டைப் அடித்திருந்தார்: 'எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும், தடையை மீறி, என் சொந்த விருப்பத்தின் பேரில் காட்டுக்குள் சென்றேன்.' அதன் கீழே சிவனு கையெழுத்துப் போட ஒரு கோடு.

"கையெழுத்து வந்துட்டா ஒங்க ஃபைலும் இன்னைக்கே போயிரும். ஒங்க பேரு எங்கயும் வராது. ஆளுதான் பொழச்சுட்டானே" என்றார்.

வாங்கிக்கொண்டேன். சிவனுவிடம் காட்டிவிட்டு, இந்த மாதிரி மனுசர்களும் இருக்கிறார்கள் பார் என்று சொல்லி அங்கேயே கிழித்துப் போடத்தான் எடுத்துப் போனேன். பேனா எப்போதும் பையில் இருப்பதுதான்.

ஆஸ்பத்திரியில் சிவனு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகி இருந்தான். காத்தாயி கால்மாட்டில். இந்தத் தடவை அவள் வெளியே போகவில்லை. நான் படித்துக் காட்டினேன்.

"இதுல போட்டா ஒங்க வேல தங்குமா அக்கா?"

"அப்படித்தான் சொல்றாரு."

"அப்பக் குடுங்க. நாந்தான் பொழச்சுட்டேன்ல. ஒங்களுக்கு யாரு இருக்கா, நீங்க எங்க போவீங்க?" கையை நீட்டினான். கையில் ஊசி குத்திய கறுப்பு இன்னும் போகவில்லை.

பேனாவைக் கொடுத்தேன். எப்படிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை என எழுதப் பார்த்தேன், அது பொய். மூடியைக் கழற்றித்தான் கொடுத்தேன். மனசுக்குள் அப்பாடா என்று இருந்தது. அவன் 'சி' என்று எழுதினான். அடுத்த எழுத்துக்குப் பேனா தாளைத் தொட்ட பிறகுதான் தாளை இழுத்தேன்.

"அவுக எழுத ஆரம்பிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான நின்ன?" என்றாள் காத்தாயி.

சிவனு, "சும்மா இரு புள்ள" என்றான். அவள் சும்மா இருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டில் ஓரத்தில் தாளை வைத்து, டைப் அடித்ததைக் கோடு போட்டு அடித்தேன். கீழே எழுதினேன்: 'பாதையில் உண்ணி இல்லை என்று தவறாகக் கணக்கெடுத்தவள் நான். விரட்டி எண்ணெய் கொட்டிய துணியை, தெரிந்தே பயன்படுத்தினேன். எண்ணெய் பூசாமல் தைரியமாகப் போ என்று இவரிடம் சொன்னதும் நான். இவர் எந்தத் தடையையும் மீறவில்லை. உண்ணி இருப்பதை 14-ஆம் தேதியே அதிகாரியிடம் தெரிவித்தேன்.' அந்த 'சி'க்குப் பக்கத்திலேயே என் பெயரை முழுசாக எழுதி, தேதி போட்டேன்.

"என்ன எழுதியிருக்க? படி" என்றாள் காத்தாயி.

படித்தேன். தாளுக்குள் குனிந்துகொண்டு படித்ததில் பாதி எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாப் படி. மத்த கட்டில்காரங்களுக்கும் கேக்கட்டும்."

எழுந்து நின்று, முதலிலிருந்து படித்தேன்.